ஒரு நாள் நிம்மதியாக இருந்தது தப்பா?

வணக்கம் மேடம். எனக்கு 46 வயது. சென்னையில் இருக்கிறேன். மூன்று வருடமாகப் படுக்கையில் இருக்கும் மாமியாரை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். பத்து நாள் முன்பு என் கணவர் லீவு போட்டு, "அம்மாவ நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா" என்று அனுப்பிவைத்தார். கல்லூரித் தோழிகள் மூன்று பேரோடு முத்துநகர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடி போனேன். நாங்கள் விடுதியில் தங்கிப் படித்த ஊர். 24 வருடம் கழித்துப் போகிறோம்.

எந்தத் திட்டமும் இல்லை. பனிமய மாதா கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். பீச் ரோட்டில் நடந்து, ரோச் பூங்காவில் மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தோம். கடித்ததும் மேல் ஓடு நொறுங்கி, உள்ளே இருந்த முந்திரி பல்லில் ஒட்டியது. சேலை மடியெல்லாம் வெள்ளைத் தூள். அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல் பேசிக்கொண்டே இருந்தோம். சாயங்காலம் நைட் கிளப்பில் (அந்த ஊரில் புரோட்டாக் கடைக்கு அதுதான் பெயர்) சால்னா ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினோம்.

அப்போதுதான் போனையே பார்த்தேன். அத்தை மூன்று தடவை என்னைக் கேட்டாராம். பகல் முழுக்க எனக்கு வீட்டு நினைப்பே வரவில்லை மேடம். அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. வீட்டுக்கு வாங்கி வந்த மக்ரூன் பெட்டி ஃப்ரிட்ஜில் அப்படியே இருக்கிறது. நான் சுயநலக்காரியா?

- வாசகி, சென்னை

அன்புச் சகோதரிக்கு,

இல்லை. அத்தை உங்களைக் கேட்டார் என்றால், உங்களைத் தேடினார் என்றுதான் அர்த்தம். அவருக்கு அன்று மருந்தோ சாப்பாடோ தவறியதாக நீங்கள் எழுதவில்லை. பெற்ற மகன் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். "நான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது" என்று மூன்று வருடமாக ஓடிய மனசு, நடந்துவிட்டது என்று தெரிந்ததும் தடுமாறுகிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பலரிடம் இந்தக் குற்ற உணர்ச்சியைப் பார்க்கிறேன். தப்பு செய்தால்தான் அது வரும் என்றில்லை.

வீட்டு நினைப்பு வராததற்கும் காரணம் உண்டு. பதின்வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாக நினைவில் நிற்கும் என்று உளவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உங்கள் தூத்துக்குடி அந்த வயதுக்குரிய ஊர். அங்கே நீங்கள் யாருக்கும் மருமகள் இல்லை. தோழிகள் உங்களைப் பழைய பெயரில்தானே கூப்பிட்டிருப்பார்கள்?

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். மூன்று வருடத்தில் ஒரே ஒரு நாள் ஓய்வு. இது போதவே போதாது. கணவர் தானாகவே முன்வந்திருக்கிறார், அதை ஒரு நாளோடு விட்டுவிடாதீர்கள். ஞாயிறு மத்தியானம் அத்தை அவர் பொறுப்பு என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். தோழிகளோடு வாரம் ஒரு போன் பேச்சும் இருக்கட்டும்.

தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

அப்புறம், அந்த மக்ரூன். ஃப்ரிட்ஜில் வைத்தால் நமத்துப்போகும், இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அத்தைக்குச் சர்க்கரை நோயோ விழுங்குவதில் சிரமமோ இல்லையென்றால், ஒரு சின்னத் துண்டு வாயில் வைத்துவிட்டு, அன்றைக்கு எங்கே போயிருந்தீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். கேட்டவர் அவர்தானே.