‘பாரோ’ (borrow), ‘லெண்ட்’ (lend): இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

‘கேன் யூ பாரோ மீ யுவர் பென்’ என்று மகள் கேட்கிறாள், பிழை என்று தெரிகிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை என்கிறீர்கள். பினாங்கில் வளர்ந்த நானும் பள்ளி நாளில் இப்படித்தான் பேசினேன். அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

இந்தப் பிழைக்கு மலாய் ஒரு பெரிய காரணம். ‘பின்ஜாம்’ என்ற ஒரே அடிச்சொல்தான் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும். எழுத்து மலாயில் கொடுப்பதற்கு ‘கன்’ என்ற விகுதி சேரும்; பேச்சில் அது பலமுறை உதிர்ந்துவிடும். அதையே கேட்டு வளரும் பிள்ளை ஆங்கிலத்திலும் ஒரு சொல்லை இரு பக்கமும் ஓட்டுகிறது. (‘பாரோ’வுக்கு உறவான ஜெர்மன் சொல் ‘போர்கன்’. அதற்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு.)

ஆகவே தமிழைக் கொண்டு விளக்குங்கள். ‘பாரோ’ இரவல் வாங்குவது, ‘லெண்ட்’ இரவல் கொடுப்பது. வேற்றுமை உருபும் அழகாகப் பொருந்தும்: அக்காவிடமிருந்து வாங்கினேன் என்றால் ‘ஃப்ரம்’, அக்காவுக்குக் கொடுத்தேன் என்றால் ‘டு’. ‘லெண்ட் மீ யுவர் பென்’ என்பதில் ‘மீ’ என்பது ‘எனக்கு’. ‘பாரோ’ அந்த ‘எனக்கு’வை ஏற்காது, அதையடுத்து வருவது வாங்கும் பொருள். அலுவலகத்தில் ‘கேன் ஐ பாரோ யூ ஃபார் எ மினிட்’ என்றால், ஆளையே ஒரு நிமிடம் இரவல் கேட்கிறார்கள்!

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்துப் பிரிவுக்கு நாங்கள் கொடுத்த வெர்னியர் காலிப்பர் என்ற அளவுக்கருவியைப் பற்றி மின்னஞ்சலில் ‘பாரோட்’ என்று எழுதினேன். வெளிநாட்டு மேலாளர், கருவி எங்களிடம்தான் இருக்கிறது என்று புரிந்துகொண்டார். எங்கள் மேசைகளிலேயே அரைநாள் தேடினார்கள். ஒரு வினைச்சொல் பொருள் போகும் திசையையே மாற்றிவிடும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இறந்தகாலத்தில் ‘லெண்டெட்’ கிடையாது, ‘லென்ட்’ (lent) தான். எடுத்துச் செல்ல முடியாத கழிப்பறை போன்றவற்றுக்கு ‘யூஸ்’ என்று கேட்பதே நல்லது.

ஓர் இடத்தில் நம் மொழி இன்னும் நுட்பமானது. பேனா, புத்தகம் என்றால் இரவல். பணம் என்றால் கடன். நண்பரிடம் 50 வெள்ளி வாங்கி நாலு நாளில் திருப்பித் தந்தால் கைமாற்று. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் பெரும்பாலும் இதே இரண்டு வினைகள்தான்.

அடுத்த முறை பேனா கேட்கும்போது முதலில் தமிழில் கேட்கச் சொல்லுங்கள். ‘கொடுக்கிறாயா’ என்று வந்தால் ‘லெண்ட்’. ‘வாங்கிக்கொள்ளட்டுமா’ என்று வந்தால் ‘பாரோ’.