இன்டரப்ட் கோடு எந்த ஃபைல்ல? வேலூர்ப் பக்கத்துக் கேள்விகள்

இன்னிக்கு லினக்ஸ் டிரைவர், அதுலயும் இன்டரப்ட் மட்டும், அதாவது ஹார்டுவேர் 'என்னைக் கவனி'ன்னு பிராசஸருக்குக் கொடுக்கிற சிக்னல். எந்த லேப்டாப் வாங்கலாம்னு கேட்கிறவங்களுக்குப் பதில் கிடையாது.

காட்பாடி மாணவி: அண்ணா, இன்டரப்ட் வந்ததும் ரெண்டு இடத்துல க்ளியர் பண்ணச் சொல்றாங்க. டிவைஸ் டிரைவர்லயா, கன்ட்ரோலர் கோட்லயா?

ரெண்டுலயும்தாம்மா, ஆனா ரெண்டும் ஒரே வேலை இல்ல. யூஆர்ட்டோ (சீரியல் போர்ட்) சென்சாரோ தன்னோட ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர்ல ஒரு பிட்டை ஏத்தி வைக்கும். அதை இறக்குறது அந்த டிவைஸோட டிரைவர்; உள்ளே என்ன நடந்ததுன்னு அதுக்கு மட்டும்தான் தெரியும். லைனை மாஸ்க் பண்றது, அதாவது தற்காலிகமா மூடுறது, முடிஞ்சதுன்னு ஏஆர்எம் சிப்களோட இன்டரப்ட் கன்ட்ரோலரான ஜிஐசிக்குச் சொல்றது இதுக்கெல்லாம் கெர்னல்ல டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள்ள ஐஆர்க்யூசிப்னு தனி இடம் இருக்கு. எந்த லைன் எங்க போய்ச் சேருதுங்கிறது டிவைஸ் ட்ரீல, அதாவது போர்டுல என்னென்ன இருக்குன்னு கெர்னலுக்குச் சொல்ற ஃபைல்ல. என் கணக்கு இதுதான்: ரிஜிஸ்டர் எந்த ஹார்டுவேரோட டேட்டாஷீட்ல இருக்கோ, அந்த ஹார்டுவேரோட ஃபைல்ல கோடு. யூஆர்ட் டிரைவருக்குள்ள ஜிஐசி முகவரியை ஐஓரீமேப் பண்ணி நேரா தொட்ட பேட்ச் என்கிட்ட வந்தா மீதியைப் படிக்கவே மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை, திரும்பவும் சொல்வேன்: ஹேண்ட்லரை, அதாவது இன்டரப்ட் வந்ததும் ஓடுற ஃபங்ஷனை, பதிவு பண்ற ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூவைக் கூப்பிடறதுக்கு முன்னாடி டிவைஸோட இன்டரப்ட்டை அணைச்சிடுங்க. பூட்லோடர் அதை ஆன்லயே விட்டுட்டுப் போயிருக்கலாம். பதிவு பண்ணின உடனே ஹேண்ட்லர் ஓடும், உங்க பாயின்டர் அப்போ காலியா இருக்கும்.

குடியாத்தம்: சிப் மேனுவல்ல இன்டரப்ட் ஐடி 69. டிவைஸ் ட்ரீல அதையே போட்டேன். இன்டரப்ட்டே வரல.

ஜிஐசில பொதுவான லைன்கள், அதாவது எஸ்பிஐ, 32லேருந்து ஆரம்பம். டிவைஸ் ட்ரீல 32 கழிச்சு 37 போடுங்க. சில மேனுவல்ல அவங்களே கழிச்சிருப்பாங்க, அட்டவணைத் தலைப்பைப் பாருங்க.

ஆரணி: சார், மேனுவல்ல 50...

18. மேல இருக்கு.

ஆம்பூர்: தோல் ஷெட்ல டிரம் சுத்தை எண்ண ஒரு சென்சார், ஐ2சி எக்ஸ்பாண்டர் (ரெண்டு ஒயர்ல பேசி கூடுதல் கால்கள் தர்ற சிப்) வழியா. ஹேண்ட்லர்ல ஐ2சி படிச்சா 'ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்'னு கெர்னல் கத்துது.

கத்தத்தான் செய்யும். ஐ2சி படிக்கிறது பதிலுக்காகக் காத்திருந்து தூங்கும், ஹார்ட் ஹேண்ட்லர் தூங்கக்கூடாது. 2009ல வந்த 2.6.30லேருந்தே ரிக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ இருக்குங்க, வேலையைத் தூங்கக்கூடிய த்ரெட்டுக்குத் தள்ளிடும். ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட் கொடியோட பதிவு பண்ணுங்க. த்ரெட் முடியுற வரைக்கும் லைன் மாஸ்க்லயே இருக்கும். ஆனா உங்க டிரம் டிரைவருக்கு எக்ஸ்பாண்டர்னு ஒண்ணு இருக்கிறதே தெரியக்கூடாது. எக்ஸ்பாண்டர் டிரைவரே ஒரு ஐஆர்க்யூசிப்பா நின்னு ஒவ்வொரு காலுக்கும் தனி இன்டரப்ட் கொடுக்கும், ஐ2சி படிக்கிறதும் அங்கேயே. நாளைக்குச் சென்சாரை நேரா பிராசஸர் காலுக்கு மாத்தினா டிவைஸ் ட்ரீ மட்டும் மாறும். மோட்டார் பக்கத்துல நீள ஒயர் போட்டிருந்தா முதல்ல ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியா கடத்தி ஒயரைப் பிரிச்சு வைக்கிறது) வைங்க, கோடு அப்புறம்.

ராணிப்பேட்டை: பல டிவைஸ் சேர்ந்து பயன்படுத்துற ஷேர்டு லைன்ல எப்பவும் ஹேண்டில்டு, அதாவது 'என்னோடதுதான்'னே திருப்பி அனுப்புறேன். தப்பா?

தப்பு. ஒரு லைன்ல 1,00,000 இன்டரப்ட்ல 99,900க்கு மேல யாரும் சொந்தம் கொண்டாடலைன்னா 'நோபடி கேர்டு'ன்னு எழுதிட்டு கெர்னல் அந்த லைனையே மூடிடும். நீங்க பொய் சொன்னா அந்தக் காவல் தூங்கிடும், சிபியு மாட்டிக்கும். டிவைஸை முன்னாடியே அணைச்சீங்களா?

திருப்பத்தூர்: அர்டுயினோல பட்டன் ஒரு தடவை அழுத்தினா ரெண்டா வருது.

டிபவுன்ஸ்னு தேடுங்க. இங்க இல்ல.

வாலாஜா: அண்ணா, உங்க டேட்டாஷீட் கணக்கு உடையுது. எங்க சிப்ல சினாப்சிஸ் கம்பெனியோட யூஎஸ்பி கோர், அதைச் சுத்தி சிப் கம்பெனி சேர்த்த ராப்பர், அதுல இன்டரப்ட்டை லாட்ச் பண்ற, அதாவது பிடிச்சு வைக்கிற ரிஜிஸ்டர். ரெண்டும் ஒரே மேனுவல்ல இருக்கு. லாட்ச்சை க்ளியர் பண்ண கோர் டிரைவர்லயே ஒரு இஃப் போட்டேன், ஓடுது.

மேனுவல் ஒண்ணா இருந்தா ஹார்டுவேர் ஒண்ணாயிடுமா தம்பி? கெர்னல்ல சினாப்சிஸோட டிடபிள்யூசி3 கோர் டிரைவர் தனி. குவால்காம், எக்ஸினோஸ், ஓமாப்னு ஒவ்வொரு சிப்புக்கும் அதைக் கோரோட ஒட்டவைக்கிற க்ளூ ஃபைல் தனி. உங்க ராப்பருக்கான இஃப்பை அத்தனை பேரும் சுமக்கணுமா?

சத்துவாச்சாரி: அப்போ க்ளூ டிரைவரும் அதே லைனை ஷேர்டா வாங்கி லாட்ச்சை க்ளியர் பண்ணலாமே?

பண்ணலாம். ஆனா பதிவு பண்ணின வரிசையிலதான் ஹேண்ட்லர்கள் ஓடும். டிரைவர்கள் தொடங்குற (ப்ரோப்) வரிசையை நம்பியா லாட்ச்சை க்ளியர் பண்ணுவீங்க? ராப்பரைச் சின்ன ஐஆர்க்யூசிப்பா எழுதுறதுதான் என் கட்சி.

வாலாஜா: ஒரே ஒரு லைனுக்கு இன்னொரு ஐஆர்க்யூசிப்பா? இன்னா அண்ணா இது!

வரிசைக்காகத்தான். லாட்ச் லெவலை, அதாவது லைன் ஏறியே இருக்கான்னு, பார்க்குதுன்னா முதல்ல கோரை அமைதியாக்கணும், பிறகு லாட்ச். மாத்திப் பண்ணினா உடனே திரும்ப ஏறிக்கும். எட்ஜை, அதாவது லைன் ஏறுற கணத்தை மட்டும், பிடிக்குதுன்னா நேர் எதிர்: முதல்ல லாட்ச், பிறகு கோர். இந்த ரெண்டு வரிசைக்கும் கெர்னல்ல ஏற்கெனவே வரிசையை நடத்துற ஃப்ளோ ஹேண்ட்லர் இருக்கு, எதுன்னு சொன்னாப் போதும். உங்களோடது எது?

வாலாஜா: எட்ஜ். இஃப் ஹேண்ட்லரோட கடைசில இருக்கு.

செய்யாறு: சார், டிவைஸ் ட்ரீல நம்பர்...

32 கழிங்க. வாலாஜா தம்பி, யூஎஸ்பி எப்பவாவது காரணமே இல்லாம தொங்குதா?

வாலாஜா: பெரிய ஃபைல் காப்பி பண்ணும்போது, எப்பவாவது. கேபிள்னு நினைச்சேன்.

கேபிள் இல்ல. கோரோட ஸ்டேட்டஸைப் படிச்ச பிறகு, லாட்ச்சைத் துடைக்கிறதுக்குள்ள அடுத்த எட்ஜ் வருது. நீங்க அதையும் சேர்த்துத் துடைச்சிடுறீங்க. கோர் கையைத் தூக்கிட்டே நிக்குது, லைன்ல புது எட்ஜ் வர வழியே இல்ல. லாட்ச் க்ளியரை ஐஆர்க்யூசிப்போட ஆக்ல (இன்டரப்ட் வந்ததுன்னு ஒத்துக்கிற ஃபங்ஷன்ல) வச்சு, எட்ஜுக்கான ஃப்ளோ ஹேண்ட்லர் ஹேண்டில்_எட்ஜ்_ஐஆர்க்யூ போட்டு, அதே பெரிய ஃபைலைக் காப்பி பண்ணிப் பாருங்க. ப்ரோப்ல முதல் வேலையா ராப்பரை மாஸ்க் பண்ணிடுங்க.