சீட்டுக் காசில் அலோய் றிம் போடலாமா?

கேள்வி: அண்ணா, நான் சாவகச்சேரி. சின்னச் சின்னக் கட்டட ஒப்பந்த வேலைகள் செய்கிறேன். 2012 கிராண்ட் விட்டாரா ஜீப் வைத்திருக்கிறேன், எப்போதும் நான்கு சில்லிலும் இழுக்கிற வகை. லீசிங் மாதம் 58,000, இன்னும் 14 மாதம் இருக்கிறது. வேலைக்கு முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் அடிக்கடி ஓடுவேன். 20 பேர் சேர்ந்த 30,000 ரூபா ஏலச்சீட்டை ஏழாவது மாதத்தில் 90,000 கழிவுக்கு எடுத்தேன், கையில் 510,000 வந்திருக்கிறது. மிச்சம் 13 மாதமும் முழுக்காசு கட்ட வேண்டும். ரயர் நான்கும் தேய்ந்துவிட்டது. கடையில் நான்கு கறுப்பு அலோய் றிம் 240,000, அதற்கு 245/65ஆர்17 ரயர் ஒன்று 52,000 படி நான்கு, பின்கதவில் தொங்கவிடப் பெரிய 265/70ஆர்16 ரயர் றிம்மோடு 45,000, எல்லாமாக 493,000 சொல்கிறார்கள். பழைய றிம்மை 50,000க்கு எடுப்பார்களாம். இப்போது இருக்கிற 225/65ஆர்17 அளவிலேயே போட்டால் ரயர் ஒன்று 42,000. மனைவியின் தாலிக்கொடி 300,000க்கும் காப்பு 100,000க்கும் வங்கியில் அடகில் இருக்கிறது, வட்டி வருசம் 15 வீதம். றிம்மைப் போடலாமா?

பதில்: தம்பி, ரயர் மாற்றுங்கள். றிம் இப்போது வேண்டாம். பின்கதவில் தொங்கவிடச் சொன்ன அந்தப் பெரிய ஸ்பெயரை மட்டும் எந்தக் காலத்திலும் வாங்காதீர்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த 510,000 யாருடைய காசு என்று பார்ப்போம். சீட்டு விழுந்தால் எல்லோருக்கும் ஏதோ சும்மா வந்த காசு மாதிரித்தான் இருக்கும். ஏழு மாதத்தில் நீங்கள் கட்டியது, மற்றவர்கள் எடுத்த மாதங்களின் கழிவையும் சேர்த்துப் பார்த்தால், அதிகம் போனால் 210,000. அப்படியென்றால் கையில் இருப்பதில் குறைந்தது 300,000 மற்றவர்களின் காசு, அதற்கு நீங்கள் இனிக் கட்டப் போவது 390,000. கணக்குப் போட்டால் இது மாதம் 4 வீதம் வரையான வட்டிக்குக் கடன் வாங்கியதற்குச் சமம், அடகு வட்டியோ மாதம் ஒன்றேகால் வீதம்தான். ஏழாவது மாதத்திலேயே 90,000 கழித்து எடுக்க அப்படி என்ன அவசரம் என்று கேட்க வாய் வருகிறது, சரி, எடுத்தாயிற்று, விடுவோம். லீசிங் 58,000, சீட்டு 30,000, அடகு வட்டி 5,000 என்று மாதம் 93,000 ரூபா ஏற்கெனவே வெளியே போகிறது. ஒப்பந்த வேலையில் ஒரு பில் இரண்டு மாதம் இழுபட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், அந்த நேரத்தில் அடுத்த நகைதான் வங்கிக்குப் போகும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பழைய அளவிலேயே ஐந்து ரயர், 210,000. மிச்சம் சரியாக 300,000, அதைக் கொண்டுபோய்த் தாலிக்கொடியை மீளுங்கள். பூட்டுக்கூலியையும் அலைன்மென்ட் காசையும் இந்த மாத வேலையில் சமாளிக்கலாம். வட்டி 5,000இலிருந்து 1,250 ஆக இறங்கும், சீட்டு முடிகிற 13 மாதத்தில் 48,750 ரூபா மிஞ்சும், கழிவில் விட்டதில் பாதிக்கு மேல் அது. அடகு நகையில் இன்னொரு விசயமும் இருக்கிறது: தவணைக்கு மீளாமலும் புதுப்பிக்காமலும் விட்டால் வங்கி ஏலத்தில் விட்டுவிடும், பிறகு அதே பவுணை அன்றைய விலைக்குத்தான் வாங்க வேண்டும். தங்கம் போகிற போக்கில் அது நடக்கிற காரியமில்லை.

நான்கு கேட்டவருக்கு ஏன் ஐந்து சொல்கிறேன் என்றால், ஸ்பெயரில்தான் உங்கள் திட்டத்தின் பெரிய பிழை இருக்கிறது. கடைக்காரர் சொன்ன 245/65ஆர்17 ரயரின் முழு உயரம் ஏறக்குறைய 750 மில்லிமீற்றர். பின்னால் தொங்கப் போகும் 265/70ஆர்16 ஏறக்குறைய 777. நடுச்சாமம் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் ஒரு ரயர் போனால் இதைப் பூட்டத்தானே போகிறீர்கள்? ஒரு பக்கச் சில்லு மற்றதை விட 27 மில்லிமீற்றர் உயரமாக நின்றால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சில்லும் வேறு வேறு தூரம் ஓடும், அந்த வித்தியாசத்தை டிஃபரன்ஷியல், அதாவது சில்லுகளை வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரப் பெட்டி, விடாமல் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். எப்போதும் நான்கு சில்லிலும் இழுக்கிற வண்டியில் நடு டிஃபரன்ஷியலுக்கும் அதே வேலை. மணலிலோ சேற்றிலோ அந்த நடுப் பெட்டியைப் பூட்டும் லொக் போட்டால் கேட்கவே வேண்டாம். கொஞ்சத் தூரம் மெதுவாக உருட்டித் தப்பலாம், ஆனால் முல்லைத்தீவிலிருந்து சாவகச்சேரி கொஞ்சத் தூரமா? அந்தப் பெட்டி பழுதானால் வரும் பில்லுக்குப் பக்கத்தில் இந்த 45,000 ஒரு காசே இல்லை. அதுவும், இப்போதைய 225 ரயரை விட அகலம் 40 மில்லிமீற்றர் கூடிய ரயர் முன்சில்லில் ஸ்ரேரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்காட்டில் உரசாது என்று யார் பொறுப்பெடுப்பது? பின்கதவு இணைப்பு அந்தக் கூடுதல் பாரத்தை ஒவ்வொரு குழியிலும் தாங்க வேண்டும், கொஞ்சக் காலத்தில் கதவு தொங்கி, பூட்டும்போது தூக்கிச் சாத்த வேண்டி வரும். ஸ்பெயர் மூடியும் அதற்குப் பொருந்தாது. பார்க்க மிடுக்காக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

ஐந்தும் ஒரே அளவு, ஒரே வகை என்றால் ஸ்பெயரையும் சேர்த்துச் சுழற்றி ஓடலாம், ஐந்தும் ஒரே மாதிரித் தேயும். போன சில்லுக்குப் பதிலாக அதைப் பூட்டிவிட்டு மன்னாரில் இருந்தும் நிம்மதியாக வீடு வரலாம்.

245 அளவால் வண்டி உயரும் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், 13 மில்லிமீற்றர் உயரும். அதோடு மீற்றரும் பிழைக்கும்: முள் 70 காட்டும்போது நீங்கள் ஓடுவது 72.5. ஏ9 வீதியில் பொலிஸ் நிற்கிற இடங்கள் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஓடிய தூரத்தையும் குறைத்துத்தான் எண்ணும், ஆகவே பெற்றோல் கூடக் குடிக்கிறது போலத் தெரியும், பாரமான சில்லு என்றால் உண்மையிலேயே கூடவும் குடிக்கும்.

றிம்முக்கு வருவோம். ஆசை ஒன்றும் குற்றமில்லை, சீட்டும் லீசிங்கும் முடிந்த பிறகு, காப்பும் வீட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். அப்போதும் இரண்டு விசயம் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். உங்கள் வண்டிக்கு ஐந்து நட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீற்றர், அது நிறைய ஜப்பான் கார்களுக்குப் பொதுவானது, அதனால் எந்த றிம்மும் ஏறும் போலிருக்கும். ஆனால் நடுத்துளை உங்களுக்கு 60.1, ஹொண்டா றிம்மில் 64.1, மிற்சுபிசியில் 67.1. இடைவெளியை நிரப்பும் வளையம் போடாமல் பூட்டினால் வேகத்தில் ஸ்ரேரிங் நடுங்கலாம். றிம் வெளியே தள்ளி நிற்கிற வகையென்றால் பெயரிங்குக்குச் சுமை கூடும், உள்ளே தள்ளி நிற்கிற வகையை ஸ்பேசர், அதாவது சில்லை வெளியே தள்ளும் தகடு, போட்டுச் சரிப்படுத்துகிறேன் என்று சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

லீசிங் முடியும்வரை வாகனப் புத்தகத்தில் முற்றான உரிமையாளராக அந்தக் கம்பனியின் பெயர்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் மாற்றம் செய்வது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள், அனுமதி கேட்கச் சொல்லியிருந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும். காப்புறுதிக்காரரிடமும் எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் சொன்ன சொல் விபத்து நடந்த அன்றைக்கு நிற்காது. அவர்களிடம் சொல்லாமல் போட்ட 240,000 றிம் களவு போனால் நட்டம் உங்களுக்குத்தான்.

பழைய றிம்மை 50,000க்குக் கொடுக்கும் கதையையும் விடுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது ஒரிஜினல் றிம் எங்கே என்று வாங்குபவர் கேட்பார், இல்லையென்றால் அதைச் சொல்லியே விலையை இறக்குவார்.

ரயர் வாங்கும்போது பக்கச் சுவரில் இருக்கிற நான்கு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது, புதிது மாதிரி மினுங்கினாலும் ரப்பர் பழசு. ஐந்திலும் பாருங்கள், நான்கு புதிதும் ஒன்று பழசுமாகக் கலந்து தருகிற கடைகளும் உண்டு. கொஞ்சத் தூரம் ஓடியபின் நட்டுகளை ஒருமுறை திரும்ப இறுக்கிவிடுங்கள், ஸ்பெயருக்கும் மாதம் ஒருக்கால் காற்றுப் பாருங்கள்.