முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் படுத்தே இருக்க வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 57. நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம், இரண்டரை ஏக்கர் விவசாயம். இரண்டு வருடமாக இடுப்பு வலி, வலது காலில் சுண்டி இழுக்கிற வலி. நூறடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். 16 நாட்களுக்கு முன் தஞ்சாவூரில் முதுகுத்தண்டில் ஆபரேஷன் செய்து ஸ்க்ரூவும் கம்பியும் வைத்தார்கள். தையல் பிரித்தாகிவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். ஆனால் பெரியப்பாவும் மற்ற சொந்தக்காரர்களும் "உள்ளே கம்பி இருக்கு, மூணு மாசம் அசையக் கூடாது" என்கிறார்கள். அப்பாவும் பயந்துபோய் நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறார். கால் வலி போய்விட்டது, பாதத்தில் மதமதப்பு மட்டும் இருக்கிறது. மலச்சிக்கல், பசியில்லை, ராத்திரி தூக்கமில்லை. சர்க்கரை உண்டு. நிறுத்தியிருந்த பீடியை மறுபடி எடுத்துவிட்டார். சம்பா நட்டாகிவிட்டது, "இனிமே நான் வயலுக்குப் போன மாதிரிதான்" என்று அழுகிறார். என்ன செய்வது?

பதில்: கால் வலி போய்விட்டது என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் பெரிய நிம்மதி. ஆபரேஷன் எதற்காகச் செய்தார்களோ அது நடந்திருக்கிறது. மீதியை வீட்டில்தான் செய்ய வேண்டும், அதை இன்றைக்கே தொடங்கலாம்.

அவரை எழுப்புவதற்கு முன்னால் ஒரு காரியம். வேட்டியை முழங்கால் வரை ஒதுக்கி, இரண்டு கெண்டைக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறதா? அப்படி இருந்தால் நடக்க விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நாள் கணக்கில் படுத்தே இருப்பவர்களுக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிடுவது உண்டு. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. "அசையாதே" என்று அன்போடு சொல்லும் பெரியப்பாவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்தால், சரி, எழுப்பி உட்கார வையுங்கள்.

கம்பி நகர்ந்துவிடும் என்ற பயத்தை நான் தினமும் கேட்கிறேன். ஸ்க்ரூ முதுகெலும்புக்குள் ஆழமாக இறங்கிப் பிடித்திருக்கும். மனிதர் நிற்கிற, நடக்கிற பாரத்தைத் தாங்கத்தான் அதை வைக்கிறார்கள். வாழைக்குச் சவுக்குக் கழி முட்டுக் கொடுக்கிறோமே, வாழையைப் படுக்கப் போடவா? காற்றில் நிற்கத்தானே. இதுவும் அப்படித்தான். கம்பியைச் சோதிப்பது நடையில்லை. குனிவது, பாரம் தூக்குவது, இடுப்பைத் திருகுவது, இந்த மூன்றும்தான். நடக்கும்போது ரத்த ஓட்டம் கூடும், தொடைச் சதை கரையாது, குடல் அசையும், பசி எடுக்கும். நீங்கள் எழுதிய மலச்சிக்கல், பசியின்மை, தூக்கமின்மை மூன்றும் பெரும்பாலும் படுக்கையிலிருந்து வந்தவை. பகலெல்லாம் கண் அசந்தால் ராத்திரி எப்படித் தூக்கம் வரும்?

நான் படித்த காலத்தில் முதுகு ஆபரேஷன் ஆனவர்களை நாங்களே நாள் கணக்கில் படுக்க வைத்தோம். அதனால் பெரியப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் சொல்வது ஒரு காலத்தில் டாக்டர்கள் சொன்னதுதான். 1990களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கேலெட் என்ற அறுவை மருத்துவர், குடல் ஆபரேஷன் ஆனவர்களுக்கு நாம் பழக்கமாகச் செய்யும் ஒவ்வொன்றும் தேவைதானா என்று பார்க்கத் தொடங்கினார். நீண்ட பட்டினி, நாள் கணக்கில் மாட்டியிருக்கும் டியூப்கள், படுக்கை, எல்லாவற்றையும் குறைத்து, சீக்கிரம் சாப்பாடு கொடுத்து, சீக்கிரம் நடக்க வைத்தார். நோயாளிகள் முன்பைவிட வேகமாகத் தேறினார்கள். அந்த முறை மற்ற ஆபரேஷன்களுக்கும் பரவி, இடுப்புத்தண்டில் ஸ்க்ரூ வைத்து எலும்புகளை ஒன்றோடொன்று கூட வைக்கும் இந்த மாதிரி ஆபரேஷனுக்கு 2021இல் சர்வதேச அளவில் தனிப் பரிந்துரையே வந்துவிட்டது. முடிந்தால் ஆபரேஷன் நாளன்றே, இல்லையென்றால் மறுநாள் எழுப்பிவிட வேண்டும் என்பது அதன் முக்கியமான பாகம். உங்கள் டாக்டர் நடக்கச் சொன்னதற்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

எழுந்திருக்கும் விதம்தான் முக்கியம். பாபநாசம் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவர், இதே ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனதும் உத்தரத்திலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, அதைப் பிடித்து மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் உயிர் போகிற வலி. மறுபடி பார்க்க வந்தபோது கட்டிலில் படுக்க வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் இரண்டு முழங்காலையும் மடக்க வேண்டும். தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை புரள்வது போல ஒருக்களித்துக் கட்டில் ஓரத்துக்கு வர வேண்டும். அப்புறம் இரண்டு காலையும் சேர்த்துக் கீழே தொங்கவிட்டு, அதே நேரத்தில் முழங்கையையும் உள்ளங்கையையும் ஊன்றி மேலே வர வேண்டும். முதுகு எங்கேயும் வளையவோ முறுக்கவோ கூடாது. உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும், தலை சுற்றினால் அடங்கட்டும். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "மாசமா இருக்கறப்ப எங்கம்மா இப்படித்தான் ஒருக்களிச்சு எழுந்திருக்கச் சொன்னாங்க, டாக்டர்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் அவர்தான் வாத்தியார். உங்கள் அம்மாவுக்கும் இது தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பாய் வேண்டாம், தொய்ந்த நாடாக் கட்டிலும் வேண்டாம். உட்கார்ந்தால் பாதம் தரையில் படிந்து முழங்கால் நேர்கோணமாக மடங்கும் உயரத்தில் கட்டில் இருக்கட்டும். கை வைத்த நாற்காலியில் 20, 30 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார வேண்டாம். நடை முதலில் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, வீட்டுக்குள்ளேயே. தாங்கத் தாங்க இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை நிமிடத்தைக் கூட்டுங்கள். நான்கைந்து வாரத்தில் ஒரு நடைக்கு அரை மணி நேரம் வந்துவிட்டால் அருமை. கொடிக்கால்காரர் வீட்டில், ஒவ்வொரு நடைக்கும் திண்ணைத் தூணில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார்கள். வலி எவ்வளவு என்று நாள் முழுக்க அவரைக் கேட்பதை நிறுத்திவிட்டு, கோட்டை எண்ண ஆரம்பித்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த வழி. பார்க்க வரும் சொந்தக்காரர்களிடமும் சொல்லுங்கள்: கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல், அவரோடு தெருக்கோடி வரை நடந்துகொண்டே பேசட்டும். முதலில் பெரியப்பாவைக் கூப்பிடுங்கள்.

மழைக்காலம், வரப்பில் ஏறக் கூடாது. தரை காய்ந்த நேரமாகப் பார்த்து, பின்பட்டை உள்ள செருப்போடு ரோட்டில் நடக்கட்டும். பாதம் மதமதப்பாக இருப்பதால் முள் குத்தினாலும் தெரியாது, சர்க்கரையும் இருக்கிறது. தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். நசுங்கியிருந்த நரம்பு மெதுவாகத்தான் தேறும். அறுந்த நரம்பு வளர்வதே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான், அப்படியானால் இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வலி முதலில் போகும், பலம் அப்புறம் வரும், மதமதப்பு கடைசியில்தான் குறையும். மாதங்கள் ஆகும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சியும் நிற்கும்.

பீடியைப் பற்றி உரக்கவே சொல்கிறேன். ஸ்க்ரூ தாங்குவது எலும்பு ஒன்றோடொன்று கூடும் வரைக்கும்தான். எலும்பு அப்படிக் கூடுவதற்கு மூன்றிலிருந்து ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் ஆகும். நிகோடின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது; எலும்பு வளரும் இடத்துக்கு ரத்தம் போதாது. எலும்பு கூடாவிட்டால் நாளடைவில் ஸ்க்ரூ தளரும், உடையும், மறுபடி ஆபரேஷன் வரை போகும். ஊரெல்லாம் பயப்படுவது நடைக்கு; பயப்பட வேண்டியது அந்த பீடிக் கட்டுக்கு. புகையிலை போடுவதும் இதே கணக்குதான். அவரைத் திட்டாதீர்கள். படுத்தே கிடந்து மனம் உடைந்தவர் கை அதைத் தேடிப் போயிருக்கிறது. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட உதவுகிறார்கள். அவரையே பேச வையுங்கள்.

சாப்பாட்டில் நம் பக்கத்துப் பத்தியம் பெரிய கெடுதல் செய்கிறது. முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், மீன் ஆகாது, பருப்பு வாயு என்று சொல்லி ரசம் சாதமும் கஞ்சியும் மட்டும் கொடுப்பார்கள். காயம் ஆறவும் சதை திரும்பவும் புரதம்தான் வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு இப்போது நாளைக்கு 70 முதல் 90 கிராம் தேவைப்படும். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் 20 கிராம் அளவில், அரை லிட்டர் பாலில் 16 கிராம் இருக்கிறது. அதோடு பருப்பும் சுண்டலும் சேர்த்தால் எட்டிவிடலாம். ஆனால் சர்க்கரைக்காரர் என்பதால் கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு இந்த அளவுக்குப் போங்கள். சர்க்கரை வெறும் வயிற்றில் 130க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180க்குள் நிற்கட்டும். அது ஏறினால் காயத்தில் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடும்.

மலச்சிக்கலுக்கு வலி மாத்திரையும் காரணமாக இருக்கலாம். டிரமடால் சேர்ந்த மாத்திரைகள் குடலை மந்தமாக்கும். சீட்டைக் காட்டி, குறைக்கலாமா என்று கேளுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள், சர்க்கரைக்காரர் கிட்னிக்கு அது ஆகாது. குத்துக்காலிட்டு உட்காரும் கக்கூஸ் இப்போதைக்கு வேண்டாம்; கமோடு நாற்காலி வாங்குங்கள். முக்கவும் விடாதீர்கள்.

எண்ணெய் போட்டு நீவி விடுகிறேன் என்று யாராவது வந்தால் அன்பாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள். காயம் காய்ந்திருந்தால் வீட்டில் குளிக்கலாம். ஐப்பசி துலா முழுக்குக்கு மாயவரம் போகும் பேச்சு வந்தால், இந்த வருடம் வேண்டாம். புதுக் காயத்தோடு ஆற்றிலோ குளத்திலோ இறங்கக் கூடாது. படித்துறையில் வழுக்கினால் இன்னும் மோசம்.

சிறுநீர் வராமல் நிற்பது, அல்லது தெரியாமலே போய்விடுவது, உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப்போவது, பாதம் புதிதாகத் தொங்குவது, காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது தண்ணீர் போன்ற கசிவு, எழுந்தால் தலைவலி, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால் 108.

வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வர வழி இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். அவர் அழுவதையும் அடுத்த தடவை டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரம் நடந்து பார்த்தும் மனம் தெளியாவிட்டால் அதற்கும் வைத்தியம் தேவைப்படும்.

கடைசியாக வயல். முதல் ஆறு வாரம் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம்கூட வேண்டாம். ஆறு வாரத்தில் டாக்டர் பார்த்து ஒப்புக்கொண்டால், தரை காய்ந்த நாளில் ஆட்டோவில் கூட்டிப்போய் ரோட்டோரம் நிறுத்திப் பயிரைக் காட்டுங்கள். டிவிஎஸ் ஓட்டுவது அதற்கும் அப்புறம்தான். மருந்தடிக்கும் டேங்கை முதுகில் மாட்டுவது, 45 கிலோ யூரியா மூட்டையைத் தூக்குவது, இதெல்லாம் எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரிந்த பிறகு பேச வேண்டியவை. மூட்டையை அப்போதும் தனியாளாகத் தூக்கக் கூடாது. ஆனால் எந்த மடையைத் திறப்பது, எப்போது களை எடுப்பது, யாரை ஆள் கூப்பிடுவது என்பதையெல்லாம் இன்றே அவரிடம் கேளுங்கள். அந்த வயலை அவரைப் போலத் தெரிந்தவர் வீட்டில் வேறு யார்?

தை பிறந்து அறுவடை மெஷின் இறங்கும்போது ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் நெருங்கியிருக்கும். களத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். நெல்லை 40 கிலோ மூட்டையாகப் பிடித்துத் தைக்கும்போது அவர் கை தானாக அந்தப் பக்கம் போகும். அன்றைக்கு மட்டும் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.