ஹங்கேரி கிட்ட, பேர்கன் தூரமா?

அக்கா,

போன கிழமை உங்கள் வீட்டில் மகளின் மேற்படிப்பைப் பற்றி எல்லாரும் கதைத்தார்கள், மகளைத் தவிர. மாமா போலந்தில் மருத்துவம் என்றார். சித்தி ஹங்கேரி என்றார். ஒஸ்லோ வீட்டின் மேல் இன்னும் எவ்வளவு கடன் எடுக்கலாம் என்று நீங்கள் கணக்குப் பார்த்தீர்கள். பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன், அது பயப்பட வேண்டிய கணக்குத்தான்.

ஆறு வருடப் படிப்பு, கட்டணம் வெளிநாட்டு நாணயத்தில். நம் நோர்வேக் குரோனர் விழுந்தால் கடன் தன்பாட்டில் ஏறும். முடித்துத் திரும்பி வந்தாலும் எல்.ஐ.எஸ்.1 என்ற புது மருத்துவர்களுக்கான முதல் கட்டப் பயிற்சி இடத்துக்குப் போட்டி. மருத்துவத்தில் ஆசையுள்ள பிள்ளை என்றால் நானே துணை நிற்பேன். உங்கள் மகள் வேதியியல் புத்தகத்தைத் திறப்பதே பரீட்சைக்கு முதல் நாள். அதே பிள்ளை, மத்திய வங்கி ஏன் வட்டியை உயர்த்துகிறது என்று என்னோடு அரை மணி நேரம் வாதாடினாள்.

அவளுக்குரிய இடம் பேர்கனில் இருக்கிறது. நோர்வே வணிக உயர்கல்லூரி, இங்குள்ளவர்கள் வாயில் என்ஹோஹோ. 'கடை நடத்தவா இவ்வளவு படித்தாள்?' என்று மாமா கேட்டார். பெயரில் வணிகம் இருப்பதால் வந்த வினை!

உலர்மீன் ஏற்றுமதியில் வளர்ந்த துறைமுகம் பேர்கன். அங்கே இந்தக் கல்லூரி 1936இல் தொடங்கியது. பேர்கன் பல்கலைக்கழகமே 1946இல்தான் வந்தது. நம் கல்லூரி 1963இல் பிரைவீக்கன் கடலோரத்துக்குக் குடிபெயர்ந்தது. 'சிவில்எக்கொனோம்' என்ற வணிகப் பொருளியல் பட்டத்துக்கு இந்த நாட்டு நிறுவனங்களில் இருக்கும் மதிப்பை உருவாக்கியதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

பொருளியலாளர் ஃபின் கிட்லாண்ட், தென்மேற்கு நோர்வேயின் ரோகலாண்டில் ஒரு பண்ணை வீட்டுப் பிள்ளை. 1968இல் இங்கே படித்து முடித்தார், அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, திரும்பி வந்து இங்கேயே கற்பித்தார். அமெரிக்கப் பொருளியலாளர் எட்வர்ட் பிரெஸ்கொட்டும் எழுபதுகளில் வருகைப் பேராசிரியராக வந்தார். அரசு இன்று சொன்ன கொள்கையை நாளை மாற்றும் என்று சனம் முன்கூட்டியே எதிர்பார்த்துவிட்டால் நல்ல கொள்கையும் பலிக்காது என்று இருவரும் 1977இல் எழுதினார்கள். மத்திய வங்கிகள் அரசியல்வாதிகளின் கைக்கு எட்டாமல் இயங்க வேண்டும் என்ற வாதத்துக்கு அது பலம் சேர்த்தது. 2004இல் இருவருக்கும் பொருளாதார நோபல். உங்கள் மகள் என்னோடு வாதாடியது ஏறக்குறைய இதைப் பற்றித்தான், அவளுக்கே தெரியாமல்.

செலவுக்கு வருகிறேன். இது அரச கல்லூரி. இங்கே வளர்ந்த பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் இல்லை, பருவக் கட்டணம் மட்டும், அதுவும் சில நூறு குரோனர்தான். மூன்று வருடம் இளநிலை, இரண்டு வருடம் முதுநிலை. லோன்கசன் என்ற அரச மாணவர் கடன் நிறுவனம் தரும் அடிப்படைக் கடனில், பாடங்களில் சித்தியடைந்து பட்டமும் பெற்றால், 40 சதவீதம் வரை உதவித்தொகையாக மாறும். ஆனால் பெற்றோர் வீட்டில் இருந்து படித்தால் அது கிடையாது. சித்தி கேட்டாரே, 'பெண்பிள்ளையைத் தனியே பேர்கனுக்கா?' என்று. ஹங்கேரிக்குத் தனியே அனுப்பலாமாம், ஏழு மணி நேர ரயில் தூரத்துக்குக் கூடாதாம்! மழை மட்டும் கொஞ்சம் கூடத்தான், நல்ல ரெயின்கோட் வாங்கிக் கொடுங்கள்.

ஒஸ்லோவிலேயே பி.ஐ. என்ற வணிகக் கல்லூரி இருக்கிறதே என்பீர்கள். நல்ல கல்லூரிதான், ஆனால் தனியார், கட்டணம் உண்டு. என்ஹோஹோவில் இடம் கிடைக்காவிட்டால் பார்ப்போம்.

இடம் சும்மா கிடைக்காது, புள்ளி நன்றாக வேண்டும். உயர்தரப் பள்ளிக் கணிதப் பாடங்களில் ஆர்1, அல்லது எஸ்1, எஸ்2 இரண்டும் கட்டாயம். அவள் எஸ்2 செய்கிறாள். அதை விட்டுவிட்டு உயிரியல் எடுக்கச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால் கதவைச் சாத்துங்கள்.

விண்ணப்பக் கடைசி நாள் ஏப்ரல் 15. பத்து விருப்பங்கள் வரை போடலாம், வரிசையை ஜூலை 1 வரை மாற்றலாம். படிவத்தை அவளே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் தேத்தண்ணியோடு இருங்கள். மாமாவோடு நான் கதைக்கிறேன். அதுவரை வங்கிப் பத்திரம் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.