நெல் கேலஸும் ஹைக்ரோமைசினும்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏ.எஸ்.டி. 16 நெல் ரகத்தில், செடிக்குள் டி.என்.ஏ.வைக் கடத்தும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா வழியாக மரபணு மாற்றம் செய்ய முயன்று வருகிறேன். விதையிலிருந்து கேலஸ் (இலை, வேர் என்று பிரியாத செல் கட்டி) ஏராளமாக வருகிறது. ஆனால் பாக்டீரியாவோடு மூன்று நாள் வைத்ததும் பாதித் தட்டுகளில் பாக்டீரியா பொங்கிவிடுகிறது. மிஞ்சியவை ஹைக்ரோமைசினில் (மரபணு ஏறாத செல்லைக் கொல்லும் ஆன்டிபயாடிக்) பழுப்பாகிவிடுகின்றன. எப்போதாவது பிழைக்கும் ஒன்றிரண்டு செடிகள் பி.சி.ஆரில் (மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் டி.என்.ஏ. சோதனை) பாசிட்டிவ் காட்டுகின்றன. அடுத்த தலைமுறையில் அந்த மரபணுவே இருப்பதில்லை. மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் கருவி வந்த பிறகும் இந்தக் கேலஸ் தொல்லை ஏன் தீரவில்லை?

ஆய்வு மாணவி, மதுரை

அன்புள்ள மாணவிக்கு,

கேலஸ் ஏராளமாக வருகிறது என்பதே எனக்குச் சற்றுக் கவலை தருகிறது. உமி நீக்கிய விதையை எம்.எஸ். என்ற ஊட்டச்சத்து ஊடகத்தில், லிட்டருக்கு 2 முதல் 2.5 மி.கி. 2,4-டி (கேலஸை உண்டாக்கும் செயற்கை ஹார்மோன்), 30 கிராம் மால்டோஸ், 500 மி.கி. புரோலின், 300 மி.கி. கேசின் ஹைட்ரோலைசேட் சேர்த்து, இருட்டில் மூன்று வாரம் வைத்தால் விதைக் கருவின் ஸ்குடெல்லம் என்ற பகுதியிலிருந்து இரண்டு வகைக் கேலஸ் கிளம்பும். ஒன்று வெந்த ஜவ்வரிசி மாதிரி நீர் கோத்து, வழவழப்பாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். வேகமாகப் பெருகித் தட்டை நிறைப்பது இதுதான். இதிலிருந்து செடி வராது. மற்றது வெளிர் மஞ்சளாக, உலர்ந்து, 1 முதல் 2 மி.மீ. அளவில் இறுகிய மணிகளாக இருக்கும். இடுக்கி பட்டால் மணி மணியாகப் பிரியும். நமக்கு வேண்டியது இது மட்டுமே. ஸ்டீரியோ நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பொறுக்குங்கள். ஒரு தட்டில் கால்வாசிதான் தேறினாலும் மீதியைக் கழித்துவிடத் தயங்காதீர்கள். பொறுக்கியதைத் தொற்றுக்கு நான்கு நாள் முன்பு புது ஊடகத்துக்கு மாற்றிவிட வேண்டும். டி-டி.என்.ஏ. (பாக்டீரியா செடிக்குள் செலுத்தும் டி.என்.ஏ. துண்டு) நன்றாக ஏறுவது சுறுசுறுப்பாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்லில்தான். மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வளர்த்த கேலஸ் வேண்டாம். செடி தரும் திறன் குறைந்துகொண்டே போகும், வருகிற செடியிலும் பச்சையமில்லாத வெள்ளைச் செடிகள் அதிகமாகும்.

பாக்டீரியா பொங்குவதற்கு எல்லோரும் கரைசலின் அடர்த்தியைத்தான் குறை சொல்வார்கள். அது ஒரு காரணம்தான். 600 நானோமீட்டரில் ஓ.டி. (கரைசலின் கலங்கல் அளவு) 0.1 முதல் 0.3 போதும். அதைவிடப் பெரிய காரணம் ஈரம். கேலஸைக் கரைசலில் 15 நிமிடம் ஊறவைத்த பிறகு, ஆட்டோகிளேவ் செய்த வடிதாளை நாலைந்து அடுக்காகப் போட்டு அதன்மேல் பரப்பி, மேற்பரப்பில் மினுமினுப்பு மறையும்வரை ஒற்றி எடுங்கள். கேலஸும் பாக்டீரியாவும் மூன்று நாள் சேர்ந்து வளரும் கூட்டு வளர்ப்பு ஊடகத்தின் மேலும் ஒரு வடிதாள் வட்டத்தை விரித்து அதன்மேல்தான் கேலஸை வைக்க வேண்டும். அந்த ஊடகத்தில் 100 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் (பாக்டீரியாவைத் தூண்டும் பொருள்), லிட்டருக்கு 10 கிராம் குளுக்கோஸ், பிஹெச் 5.2. வழக்கமான 5.8இல் விட்டுவிட்டால் டி-டி.என்.ஏ.வை அனுப்பும் வேலையைச் செய்யும் பாக்டீரியாவின் விர் மரபணுக்கள் சரியாக விழிக்காது.

வெப்பநிலையைச் சரிபார்த்தீர்களா? கூட்டு வளர்ப்புக்கு 25 டிகிரி, அதற்குச் சற்றுக் குறைந்தாலும் நல்லதே. 28ஐத் தாண்டினால் டி-டி.என்.ஏ.வைக் கடத்தும் பைலஸ் என்ற நுண்ணிழை சரியாக அமையாது. பாக்டீரியாவோ அந்தச் சூட்டில்தான் செழித்துப் பெருகும். மரபணு ஏறாமல், தட்டு மட்டும் நாறிப்போவது இப்படித்தான். மதுரைக் கோடையில் இரவு மின்சாரம் போய் ஏ.சி. நின்றாலே போதும். அறையின் ஏ.சி.யை நம்பாமல் தனி இன்குபேட்டரில் வையுங்கள்.

மூன்றாம் நாள் கழுவும்போது நீர் தெளியும்வரை கழுவி, கடைசியாக லிட்டருக்கு 500 மி.கி. செஃபோடாக்சைம் (பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக்) கலந்த நீரில் அலசி, மறுபடி ஒற்றி எடுங்கள். செஃபோடாக்சைம் ஊடகத்தில் நாளாக நாளாக வீரியம் இழக்கும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

பழுப்பைப் பற்றி. கழுவிய கேலஸை நேராக லிட்டருக்கு 50 மி.கி. ஹைக்ரோமைசினில் போட்டால் மரபணு ஏறிய செல்லும் சேர்ந்து சாகும். ஹைக்ரோமைசினைத் தாங்கவைக்கும் எதிர்ப்பு மரபணு வேலை செய்யத் தொடங்க அதற்கு நேரம் வேண்டும். நாலைந்து நாள் செஃபோடாக்சைம் மட்டும் உள்ள ஊடகத்தில் ஆறவிட்டு, முதல் இரண்டு வாரம் 30, பிறகு 50 என்று ஏற்றுங்கள். இந்த எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மாற்றம் செய்யாத உங்கள் கேலஸை 0, 20, 30, 40, 50 மி.கி. தட்டுகளில் வைத்து எதில் முழுதாகச் சாகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி பழுப்பாவது இயல்பு, அப்படி ஆகவும் வேண்டும். பழுப்பான கட்டியின் ஓரத்திலிருந்து வெளிர் மஞ்சளாகச் சின்ன மொக்கு ஒன்று எழும். அதுதான் உங்கள் மரபணு ஏறிய செல்லிலிருந்து வந்தது. பழுப்பாகிவிட்டதென்று தட்டைத் தூக்கி எறிந்தவர்கள் அதையும் சேர்த்தே எறிந்திருக்கிறார்கள்.

பிழைத்த செடிகள் பொய்யாகத் தெரிவதற்கு இரண்டு வழிகள் உண்டு. கட்டி பெரிதாக இருந்தால் மேலே உள்ள செல்லுக்கு ஹைக்ரோமைசின் எட்டாது, மரபணு இல்லாமலே பிழைக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் உடைத்து வையுங்கள். வேர் விடும் ஊடகத்திலும் ஹைக்ரோமைசின் இருக்கட்டும். இன்னொன்று, இலைத் திசுவுக்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியா. மரபணுவைச் சுமக்கும் அதன் பிளாஸ்மிடே (சிறு டி.என்.ஏ. வளையம்) பி.சி.ஆரில் பாசிட்டிவ் தரும். அதனால் டி-டி.என்.ஏ.வுக்கு வெளியே உள்ள ஒரு விர் மரபணுவுக்கும் பிரைமர் (அந்த மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) போடுங்கள். அதிலும் பட்டை வந்தால் அந்த முடிவைத் தள்ளிவிட்டு, சதர்ன் பிளாட் (மரபணு செடியின் டி.என்.ஏ.வோடு இணைந்ததா என்று காட்டும் சோதனை) பார்க்கும்வரை எதையும் எழுதாதீர்கள். ஒரே கட்டியிலிருந்து வந்த பத்துச் செடிகளைப் பத்துத் தனி நிகழ்வுகளாகக் கணக்கிடுவதும் கூடாது.

கிரிஸ்பர் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. மரபணுவை வெட்டும் கருவி கிடைத்துவிட்டது. வெட்டிய செல்லை முழுச் செடியாக்கும் வேலை அப்படியே நிற்கிறது. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் சிறு செடியில் 1998 முதலே பூவை 5 சதவீதச் சர்க்கரையும் துளி சில்வெட்டும் (நன்றாக நனைய வைக்கும் திரவம்) கலந்த பாக்டீரியா கரைசலில் முக்கினாலே விதையில் மரபணு ஏறிவிடுகிறது. நெல்லுக்கு அந்த அளவு நம்பகமான குறுக்கு வழி இல்லை. 1994இல் ஜப்பான் டொபாக்கோ நிறுவனத்தின் ஹியெய் குழு ஜப்பானிய ரகங்களில் வழி திறந்தது. நம் நாட்டு இண்டிகா வகை நெல்கள் ரகத்துக்கு ரகம் முரண்டு பிடிக்கின்றன.

உண்மையான முன்னேற்றம் செடியாக்கும் மரபணுக்களில் நடந்திருக்கிறது. 2016இல் மக்காச்சோளத்தில் பேபி பூம், வுஷல்2 என்ற இரண்டு மரபணுக்களையும் சேர்த்துச் செலுத்தி, மசியாத ரகங்களையும் மசிய வைத்தார்கள். இண்டிகா நெல் கேலஸிலும் பலன் தெரிந்தது. ஆனால் அந்த மரபணுக்கள் தொடர்ந்து இயங்கினால் செடி கோணலாகி மலடாகும். வேலை முடிந்ததும் வெட்டி நீக்கியாக வேண்டும். 2020இல் கோதுமையில் வந்த ஜி.ஆர்.எஃப்.4–ஜி.ஐ.எஃப்.1 என்ற மரபணு இணைப்புக்கு அந்தத் தொல்லை இல்லை, செடிகள் விதை பிடித்தன. மரபணுவைச் சுமந்து செல்லும் உங்கள் வெக்டரில் சேர்த்துப் பார்க்க நான் சொல்வது இதைத்தான்.

அதற்கு முன்பு ஒன்று செய்யுங்கள். இன்ட்ரான் (செடியின் செல் வெட்டி நீக்கிவிடும் இடைத்துண்டு) வைத்த, நீல நிறம் காட்டும் கஸ் மரபணுவோடு ஒரு தொகுதி தொற்றுங்கள். பாக்டீரியாவால் அந்த இன்ட்ரானை நீக்க முடியாது, ஆகவே நீலம் தெரிந்தால் அது செடியின் செல்தான். மூன்றாம் நாள் இருபது துண்டை எக்ஸ்-குளுக்கில் (கஸ் இருந்தால் நீலமாகும் பொருள்) 37 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். நீலப் புள்ளியே இல்லையென்றால் கோளாறு தொற்றில், அதாவது சூட்டிலோ பிஹெச்சிலோ கேலஸிலோ இருக்கிறது. புள்ளி நிறைய இருந்தும் செடி வரவில்லையென்றால் ஹைக்ரோமைசின் கட்டத்தைத் திருத்த வேண்டும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.