ஹீட் பம்ப்புக்கு டாக்ஸ் கிரெடிட் உண்டு, ஜனவரியில் மாட்டிய ஜன்னலுக்கு?

கேள்வி: நியூ ஜெர்சியில் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். 2025 அக்டோபரில் ஹீட் பம்ப் (வீட்டைச் சூடாக்கவும் குளிரவைக்கவும் உதவும் மின்கருவி) போட்டோம். கூலியோடு 8,500 டாலர். மின் நிறுவனம் 500 டாலர் தள்ளுபடி கொடுத்தது. ஜன்னல்களுக்கு டிசம்பரிலேயே முழுப்பணம் 4,000 டாலர் கட்டிவிட்டோம், ஆனால் 2026 ஜனவரியில்தான் மாட்டினார்கள். இரண்டுக்கும் டாக்ஸ் கிரெடிட், அதாவது மத்திய வருமான வரியில் நேரடியாகக் கழியும் தொகை, கிடைக்கும் என்கிறார் வேலை செய்தவர். உண்மையா?

பதில்: ஹீட் பம்ப்புக்குக் கிடைக்கும். ஜன்னலுக்குக் கிடைக்காது. பணம் கட்டிய தேதி இங்கே கணக்கில்லை. வேலை முடிந்து பயன்பாட்டுக்கு வந்த தேதிதான் கணக்கு. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குப் பிறகு பொருத்தியவற்றுக்கு இந்தச் சலுகையை நிறுத்திவிட்டது. சில நாள் தாமதத்தில் 600 டாலர் வரை போனது வருத்தம்தான். ஆனாலும் பில் தேதியை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஹீட் பம்ப்புக்கு வருவோம். தள்ளுபடியைக் கழித்தால் 8,000 டாலர். கிரெடிட் அதில் 30 சதவீதம், அதாவது 2,400. உச்சவரம்பு 2,000 என்பதால் அவ்வளவுதான் கிடைக்கும். எல்லா மாடலுக்கும் இது பொருந்தாது. உங்களுடையது தகுதியானதா என்று தயாரிப்பாளரின் சான்றிதழில் பாருங்கள். 2025-க்கு தயாரிப்பாளரின் நான்கு எழுத்துக் குறியீட்டையும், இந்தக் கிரெடிட்டைக் கோரும் 5695 படிவத்தில் எழுத வேண்டும்.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. "சம்பளத்திலேயே வரி பிடித்துவிட்டார்கள், இனிக் கட்ட ஒன்றுமில்லை, அப்புறம் எதில் கழிப்பது?" என்று கேட்பார்கள். பிடித்தத்துக்கு முன்னால் அந்த வருடத்துக்கு உங்கள் மொத்த வரி எவ்வளவு என்பதுதான் கணக்கு. அது 6,000 டாலர் என்றால் 4,000 ஆகக் குறையும். கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும். மொத்த வரியே 1,300 தான் என்றால் 1,300 மட்டும் கழியும். மீதி 700-ஐ அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது.

2025 கணக்கை ஏற்கனவே தாக்கல் செய்துவிட்டீர்களா? பதற வேண்டாம். 1040-எக்ஸ் படிவத்தில் திருத்திக் கேட்கலாம். பொதுவாக மூன்று வருடம் அவகாசம் உண்டு. அதுவரை பில், சான்றிதழ் இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.